ஒரு சதுரத்தில் தொடங்குங்கள்: பிறருக்காகப் பின்னும் குழுவில் புதிதாகச் சேர்வோருக்கு

பிறருக்காகப் பின்னும் குழுவில் சேர ஆசைப்படுகிறவர்களைப் பெரும்பாலும் இரண்டு தயக்கங்கள் தடுக்கின்றன. ஒன்று, பின்னத் தெரியாது. இன்னொன்று, தெரிந்தாலும் ஒரு ஸ்வெட்டரையோ போர்வையையோ முடிக்கும் அளவுக்குப் பொறுமை இல்லை. இரண்டையும் தாண்டுவதற்கு இருபது சென்டிமீட்டர் பக்கமுள்ள ஒரு சதுரம் போதும். அதைக் கற்றுக்கொள்ள ஒரு பிற்பகல் ஆகும். பின்னி முடிக்க இரண்டு மூன்று மாலைகள். அப்படிப்பட்ட 35 சதுரங்களை ஏழுக்கு ஐந்தாக இணைத்தால் 140க்கு 100 சென்டிமீட்டரில் ஒரு குழந்தைக்கான போர்வை தயார். அதில் உங்கள் பங்கு ஒரே ஒரு சதுரமாக இருந்தாலும், அது இல்லாவிட்டால் போர்வையில் ஓட்டைதான்.

இந்தக் கணக்கு தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்தது. பெற்றோரை இழந்த குழந்தைகளுக்காக உலகின் பல மூலைகளிலிருந்தும் சதுரங்களைத் தபாலில் வாங்கி, அங்கே போர்வைகளாக இணைத்துத் தரும் 'நிட் எ ஸ்கொயர்' அமைப்பு அதைப் பரப்பியது. அதே நாட்டில் 2013 டிசம்பரில் காரலின் ஸ்டெய்ன் இன்னொரு முயற்சியைத் தொடங்கினார். மண்டேலாவின் 67 ஆண்டுப் பொதுவாழ்வின் நினைவாக 67 போர்வைகள் என்பதுதான் முதல் இலக்கு. அது ஆயிரக்கணக்கில் பெருகி, 2015 ஏப்ரலில் பிரிட்டோரியாவில் 3,377 சதுர மீட்டர் பரப்பில் குரோஷே (ஒற்றைக் கொக்கியால் பின்னுவது) போர்வை விரித்துக் கின்னஸ் சாதனையானது. அடுத்த ஆண்டே, 2016 ஜனவரி 31 அன்று, சென்னையில் சுபஸ்ரீ நடராஜன் தொடங்கிய 'மதர் இந்தியாஸ் குரோஷே குவீன்ஸ்' குழுவினர் 11,148.5 சதுர மீட்டரில் ஒன்றை விரித்து, பழைய சாதனையை மும்மடங்குக்கு மேல் தாண்டிவிட்டார்கள். வருடத்தில் பத்து மாதம் மின்விசிறிக்குக் கீழே தூங்கும் ஊர் போர்வையில் உலகச் சாதனை படைத்தது வேடிக்கைதான். சாதனை முடிந்ததும் அதைப் பிரித்துத் தனித்தனிப் போர்வைகளாகத் தேவைப்பட்டவர்களுக்குக் கொடுத்தார்கள் என்பதுதான் அந்தச் செய்தியில் எனக்குப் பிடித்த பகுதி.

வழிமுறைக்குப் போகுமுன், இதில் கிடைக்கும் ஆறுதலைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கொடுப்பதில் கிடைக்கும் மகிழ்ச்சி என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறார்கள். என் கணிப்பு வேறு. என்ன அளவு, என்ன நூல், யாருக்கு, எப்போதைக்குள் என்ற முடிவுகளையெல்லாம் வேறு யாரோ எடுத்துவிட்டார்கள். நமக்கு மிச்சமிருப்பது அடுத்த கண்ணி, அதாவது அடுத்த நூல் வளையம் மட்டும். ஆறுதல் அங்கேதான் இருக்கிறது. நினைவாற்றல் மங்கிய தாயைக் கவனித்துக்கொள்கிறவர், பணி ஓய்வுக்குப் பிறகு நாளை நிரப்பத் தெரியாதவர், துணையை இழந்தவர் என்று இத்தகைய குழுக்களுக்கு வருபவர்களில் பலர், நாள் முழுவதும் தனியாக முடிவெடுத்துக் களைத்தவர்கள். அவர்களுக்கு வாரத்தில் இரண்டு மணி நேரம் எதையும் தீர்மானிக்காமல் உட்கார முடிவதே பெரிய விஷயம். பேரனுக்குப் பின்னும்போது 'அவனுக்குப் பிடிக்குமா, மருமகள் என்ன சொல்வாள்' என்ற யோசனை கூடவே ஓடும். முகம் தெரியாத ஒருவருக்குப் பின்னும்போது அந்த ஓட்டம் இருக்காது.

2013இல் பிரிட்டிஷ் தொழில்வழிச் சிகிச்சை இதழ் ஒன்றில் வெளியான ஆய்வில், 31 நாடுகளைச் சேர்ந்த 3,545 பின்னல்காரர்கள் பதில் சொல்லியிருந்தார்கள். அடிக்கடி பின்னுகிறவர்கள் மனம் அமைதியாவதாகவும் மகிழ்ச்சி கூடுவதாகவும் சொன்னார்கள். குழுவில் சேர்ந்து பின்னுவதன் பலனையும் குறிப்பிட்டார்கள். பதில் சொன்னவர்கள் எல்லோரும் ஏற்கெனவே பின்னலை விரும்புகிறவர்கள் என்பதை மறந்துவிடக் கூடாது. பின்னல் எரிச்சலைக் கிளப்பும் ஆட்களும் உண்டு. இரண்டு வாரம் முயன்றும் தோள் இறுகிக்கொண்டே இருந்தால், சதுரங்களை இணைத்துத் தைக்கும் வேலைக்கோ கணக்கெழுதும் வேலைக்கோ மாறிக்கொள்ளுங்கள். குழுவுக்கு அந்த ஆட்களும் வேண்டும்.

வாங்க வேண்டியவை

ஊசியா கொக்கியா என்பது முதல் கேள்வி. கொக்கியில் செய்யும் குரோஷேயில் ஒரே ஒரு கண்ணிதான் எப்போதும் திறந்திருக்கும். நழுவினாலும் பெரிய சேதம் இல்லை. கற்பது எளிது, கை பழகினால் வேகமாக வளரும், ஆனால் நூலைக் கூடுதலாகத் தின்னும். இரண்டு ஊசிப் பின்னல் மெதுவாக வளரும், துணி மென்மையாகவும் இழுத்தால் நீளும்படியாகவும் இருக்கும். போர்வைக்கு எதுவானாலும் சரி. குழந்தைத் தொப்பிக்கு ஊசிப் பின்னலே என் தேர்வு, தலையோடு படிந்து நிற்கும் என்பதால்.

தொடக்கத்துக்கு 4 மி.மீ. அளவுள்ள ஊசி ஒரு ஜோடி, அல்லது அதே அளவில் ஒரு கொக்கி. உலோக ஊசியில் கண்ணி வழுக்கும். முதல் மாதத்துக்கு மூங்கில் அல்லது பிளாஸ்டிக் நல்லது. கடையில் 'போனி' என்று பெயர் போட்ட ஊசியைத் தந்தால், அது நம் நீலகிரி மாவட்டத்துச் சரக்கு: 1949இல் தொடங்கிய நீடில் இண்டஸ்ட்ரீஸ் நிறுவனம் கேத்தியில் இருக்கிறது. ஊசியைத் தவிர, மழுங்கிய முனையுள்ள தையல் ஊசி ஒன்று, சிறு கத்தரி, அளவு நாடா. வேறெதுவும் இப்போது வேண்டாம். அழகான ஊசிப் பெட்டியும் வண்ணக் குறிப்பான்களும் வாங்கிவிட்டு ஒரு வரிசைகூடப் பின்னாதவர்கள் எல்லாக் குழுவிலும் இருக்கிறார்கள்.

நூல் விஷயத்தில் கஞ்சத்தனமும் கூடாது, ஆடம்பரமும் கூடாது. போர்வைக்கு அக்ரிலிக் நூல் போதும். விலை குறைவு, துவைத்தால் சுருங்காது, சீக்கிரம் உலரும். ஆனால் சூட்டில் உருகும், ஆகவே இஸ்திரிப் பெட்டியைக் கிட்டே கொண்டுபோகாதீர்கள். அடுப்படியில் பிடிதுணியாகப் பயன்படக்கூடிய எதையும் அதில் பின்னாதீர்கள். அசல் ஆட்டுக் கம்பளி நூல் கதகதப்பானது, ஆனால் விடுதியிலோ மருத்துவமனையிலோ வெந்நீரில் போட்டு அலசினால் பாதியாகச் சுருங்கிக் கெட்டியாகிவிடும். கொடுக்கும் இடத்தில் யார் துவைப்பார்கள், எப்படித் துவைப்பார்கள் என்பதுதான் நூலைத் தீர்மானிக்கிறது. சருமத்தில் படுகிற எல்லாவற்றுக்கும், குறிப்பாக நம் வெயிலில், பருத்தி நூல். சிவப்பும் அடர்நீலமும் வாங்கினால் ஒரு முழம் நூலை நனைத்து வெள்ளைத் துணியில் சுற்றி வையுங்கள். சாயம் போகிறதா என்று அடுத்த நாள் தெரிந்துவிடும். ஒரே நிறத்தில் பல கண்டுகள் வாங்கினால், சுற்றியிருக்கும் காகிதத்தில் அச்சிட்ட சாயத் தொகுதி எண் ஒன்றுதானா என்றும் பாருங்கள்.

அளவு பிசகாத சதுரம்

புதியவர்களிடம் 'நாற்பது கண்ணி போட்டு நேராகப் பின்னிக்கொண்டே போங்கள்' என்று சொல்வார்கள். தவறில்லை. ஆனால் ஒருவர் இறுக்கிப் பின்னுவார், இன்னொருவர் தளர்த்திப் பின்னுவார். ஒன்று பதினேழு சென்டிமீட்டரில் நிற்கும், மற்றது இருபத்திரண்டில். இணைக்கும்போது கண்ணீர் வரும். அதனால் மூலையிலிருந்து தொடங்கும் முறையையே நான் பரிந்துரைப்பேன். இதில் கை எப்படி இருந்தாலும் அளவு சரியாக வரும்.

ஊசியில் மூன்று கண்ணி போடுங்கள். ஒவ்வொரு வரிசையிலும் முதல் கண்ணிக்குள் முன்பக்கம் ஒருமுறை, பின்பக்கம் ஒருமுறை பின்னி, ஒன்றை இரண்டாக்குங்கள். மிச்சமுள்ள கண்ணிகளைச் சாதாரணமாக, நிட் எனும் அடிப்படைப் பின்னலில் பின்னுங்கள். வரிசைக்கு ஒன்றாகக் கண்ணி கூடி, ஒரு முக்கோணம் விரியும். முக்கோணத்தின் வெளியோரத்தை அளவு நாடாவால் அளந்துகொண்டே வாருங்கள். ஓரம் 20 சென்டிமீட்டரைத் தொட்டதும் திசையை மாற்றுங்கள்: இனி ஒவ்வொரு வரிசையின் தொடக்கத்திலும் இரண்டு கண்ணிகளைச் சேர்த்து ஒன்றாகப் பின்னுங்கள். மறுபடி மூன்று கண்ணி மிஞ்சும்போது முடித்து, இணைப்பதற்காக ஐம்பது சென்டிமீட்டர் நூலை விட்டு வெட்டுங்கள். எண்ண வேண்டியதே இல்லை. பேச்சு சுவாரசியமாகப் போகும்போது இது பெரிய வசதி. பர்ல் எனும் மறுபக்கப் பின்னல் தெரியாமலே முழுச் சதுரமும் முடிந்துவிடும்.

கண்ணி ஒன்று நழுவிக் கீழே இறங்கினால் பதற வேண்டாம். குரோஷே கொக்கியால் அதைப் பிடித்து, ஏணிப்படிபோலத் தெரியும் நூல்களை ஒவ்வொன்றாக மேலே இழுத்து ஊசியில் ஏற்றிவிடலாம். பக்கத்தில் இருப்பவரிடம் கேளுங்கள். இதைச் செய்துகாட்டுவதில் அனுபவசாலிகளுக்குத் தனி இன்பம். துளை ஒன்று நிரந்தரமாக விழுந்துவிட்டால், அது மேலும் பிரியாமல் நூலால் கட்டிவிட்டுத் தொடருங்கள்.

சென்னை, மதுரை போன்ற ஊர்களில் சதுரமாகப் பின்னுவதற்கு இன்னொரு காரணம் இருக்கிறது. சித்திரை வெயிலில் பாதி முடிந்த போர்வையை மடியில் போட்டுக்கொண்டு யாரால் உட்கார முடியும்? சதுரம் உள்ளங்கையோடு முடிந்துவிடும். கோடையில் சதுரங்களைச் சேர்த்துவையுங்கள், ஐப்பசி பிறந்ததும் இணையுங்கள். மார்கழியில் உறைபனி விழும் உதகைப் பகுதிக்கு அனுப்புவதானால் கணக்கும் சரியாக இருக்கும்.

இணைக்கும் நாளில் எல்லாச் சதுரங்களையும் தரையில் பரப்பி, நிறங்களை ஒருவர் மட்டும் அடுக்கட்டும். ஐந்து பேர் சேர்ந்து அடுக்கினால் மாலை போய்விடும், நட்பும் போய்விடலாம். ஓரங்களைச் சுற்றுத் தையலில் தைப்பது போதுமானது. நூல் முனைகளை முடிச்சுப் போட்டு வெட்டிவிடாதீர்கள். முடிச்சு துவைப்பில் அவிழும். தையல் ஊசியில் கோத்து ஒரு திசையில் ஐந்து சென்டிமீட்டர், திரும்பிச் சிறிது தூரம் என்று துணிக்குள்ளேயே ஓட்டி மறையுங்கள்.

கேட்ட பிறகே பின்னுங்கள்

குழுக்கள் அதிகம் சறுக்குவது இந்த இடத்தில்தான். ஆஸ்திரேலியாவின் பிலிப் தீவில் 2001ஆம் ஆண்டு எண்ணெய்க் கசிவில் 438 சிறு பென்குயின்கள் சிக்கின. உடம்பில் ஒட்டிய எண்ணெயை அலகால் கோதி விழுங்கிவிடாமல் இருக்க, குளிப்பாட்டும் வரை அவற்றுக்குக் குட்டி ஸ்வெட்டர் மாட்டினார்கள், பெரும்பாலானவை பிழைத்தன. விஷயம் பரவியதும் உலகமெங்குமிருந்து ஸ்வெட்டர்கள் குவிந்தன. தேவைக்குப் பல மடங்கு மிஞ்சியவற்றைப் பொம்மைப் பென்குயின்களுக்கு மாட்டி விற்று, அந்தப் பணத்தைப் பாதுகாப்புப் பணிக்குப் பயன்படுத்தினார்கள். அங்கே நிர்வாகம் சாமர்த்தியமானது, அதனால் வீணாகவில்லை. நம் ஊர் முதியோர் இல்லத்து அலமாரியில் ஒரே மாதிரியான அறுபது மஃப்ளர்கள் அடைந்து கிடந்தால் அந்தச் சாமர்த்தியம் யாரிடம் எதிர்பார்ப்பது?

பச்சிளங்குழந்தைப் பிரிவை எடுத்துக்கொள்வோம். புதிதாகச் சேர்ந்தவர்கள் எல்லோருக்கும் குட்டி ஸ்வெட்டர் பின்ன ஆசை. ஆனால் குறைமாதக் குழந்தைகளுக்குப் பல இடங்களில் கங்காருப் பராமரிப்பு தருகிறார்கள். 1978இல் கொலம்பியாவின் பொகோட்டா நகரில், இன்குபேட்டர்கள் போதாத நிலையில் மருத்துவர் எட்கர் ரே சனாப்ரியா தொடங்கிய முறை அது. குழந்தையின் வெற்று மார்பு தாயின் வெற்று மார்பில் படிய வேண்டும். இடையில் ஸ்வெட்டர் வந்தால் அதன் நோக்கமே கெடும். தேவைப்படுவது தொப்பியும் காலுறையும்தான். குழந்தையின் உடம்பில் தலையின் பங்கு பெரியது, சூடு அங்கிருந்து வெளியேறும். பிரிவின் தலைமைச் செவிலியரிடம் ஐந்து நிமிடம் பேசினால் இது தெரிந்துவிடும். எத்தனை வேண்டும், எந்த அளவு, எந்த நூல், எப்படித் துவைப்பீர்கள், என்ன வேண்டவே வேண்டாம்: இந்தக் கேள்விகளைக் குறித்துக்கொண்டு போங்கள். கடைசிக் கேள்விக்குக் கிடைக்கும் பதில்தான் பெரும்பாலும் அதிகப் பயன் தரும்.

நிறைமாதக் குழந்தையின் தலைச்சுற்றளவு ஏறக்குறைய 35 சென்டிமீட்டர். தொப்பி அதைவிட மூன்று நான்கு சென்டிமீட்டர் குறைவாக இருந்தால்தான் கழன்று விழாது. குறைமாதக் குழந்தைகளுக்கு இன்னும் சிறியவை வேண்டும். இரண்டு மூன்று அளவுகளில் பின்னி, அளவு வாரியாகக் கட்டிவையுங்கள். பொத்தான், நாடா, குஞ்சம், மணி எதுவும் கூடாது. உட்புறத்தில் தொங்கும் நூல் இழை ஒன்றுகூட இருக்கக் கூடாது. கையுறை, காலுறைகளில் இது இன்னும் முக்கியம். இழை விரலில் சுற்றிக்கொண்டால் இரத்த ஓட்டமே நின்றுவிடும், குழந்தை ஏன் அழுகிறது என்று யாருக்கும் புரியாது. பூவேலைத் துளைகளும் அதே காரணத்தால் வேண்டாம். நிறத்தில் ஒரு குறிப்பு: நம் வீடுகளில் பலர் பிறந்த குழந்தைக்குக் கறுப்பு போடுவதில்லை, புதுத்துணியும் உடனே போடுவதில்லை, பாட்டியின் பழைய நூல்சேலைதான் முதல் துணி. தொப்பிகளைப் பலமுறை அலசி வெயிலில் காயவைத்து மெத்தென்றாக்கித் தந்தால் பாட்டிகளும் மறுக்க மாட்டார்கள்.

பின்னிய ஆக்டோபஸ் பொம்மை பற்றியும் கேள்வி வரும். டென்மார்க்கில் 2013இல் தொடங்கிய பழக்கம். சுருண்ட கால்கள் தொப்புள்கொடிபோலக் குழந்தைக்குப் பிடித்துக்கொள்ளக் கிடைக்கும் என்பது எண்ணம். முழுப் பருத்தி நூல், நீட்டி அளந்தால் கால் 22 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது என்று கறாரான விதிகள் வைத்திருக்கிறார்கள். பொம்மையை உள்ளே அனுமதிக்காத மருத்துவமனைகளும் நிறைய. எழுத்தில் சம்மதம் வாங்காமல் தொடங்காதீர்கள்.

கை நன்றாகப் பழகியவர்களுக்கு நான் முதலில் சொல்லும் வேலை, மார்பகப் புற்றுநோய் அறுவை சிகிச்சை செய்துகொண்ட பெண்களுக்கான பின்னல் மார்பகம். அமெரிக்காவில் பார்பரா டெமாரெஸ்ட் 2011இல் தொடங்கிய 'நிட்டெட் நாக்கர்ஸ்' இயக்கம் இதைப் பரப்பியது. இந்தியாவிலும் பின்னி இலவசமாக அனுப்பும் குழுக்கள் இருக்கின்றன. சிலிகானில் செய்ததன் விலை அதிகம், கனமும் அதிகம், நம் வெயிலில் வியர்த்து அரிக்கும். மென்பருத்தி நூலில் பின்னிப் பஞ்சு அடைத்தது உள்ளாடைக்குள் இலேசாக உட்காரும். தழும்பில் உரசும் என்பதால் மேடான தையலோ முடிச்சோ இருக்கக் கூடாது. அந்த இயக்கம் ஏற்றுக்கொண்ட நூல் பட்டியலையும் அளவுக் குறிப்பையும் வாங்கி, அப்படியே பின்பற்றுங்கள். இங்கே சொந்தக் கற்பனைக்கு இடமே இல்லை.

குழுவில் இருக்கும் விதம்

அடுக்குமாடிக் குடியிருப்பின் பொது அறை, நூலகம், தேவாலயக் கூடம் என்று எங்கே கூடினாலும் நல்ல வெளிச்சமும் கைப்பிடி இல்லாத நாற்காலியும் இருந்தால் போதும். கைப்பிடி முழங்கையைத் தடுக்கும். அரைமணிக்கு ஒருமுறை ஊசியைக் கீழே வைத்து விரல்களை விரித்து மணிக்கட்டைச் சுழற்றுங்கள்; கட்டைவிரல் அடியில் வலி தொடங்கினால் அன்றைக்குப் பின்னல் போதும், நூல் சுற்றலாம்.

பேசாமல் பின்னிவிட்டுப் போகிறவரை 'ஏன் மாமி, உடம்பு சரியில்லையா' என்று துளைக்காதீர்கள். கண் கையில் இருக்கும்போது மனிதர்கள் தாமாகவே பேசத் தொடங்குவார்கள். எதிரில் இருப்பவரின் முகத்தைப் பார்க்க வேண்டிய கட்டாயம் இல்லாததால் கனமான விஷயங்களும் எளிதாக வெளியே வரும். வரும்போது கேளுங்கள். அங்கே சொன்னது அங்கேயே இருக்கட்டும். ஆண்கள் வந்தால் வேடிக்கை பார்க்காமல் ஊசியைக் கொடுங்கள்.

புதியவரின் சதுரத்தை அவர் போன பிறகு பிரித்துத் திருத்திப் பின்னும் பழக்கம் சில மூத்தவர்களுக்கு உண்டு. எவ்வளவு நல்லெண்ணத்தோடு செய்தாலும், அடுத்த வாரம் அவர் தன் சதுரத்தைத் தேடுவார், அதற்கடுத்த வாரம் வரவே மாட்டார். அளவு பிசகினால் சுற்றி ஒரு வரிசை குரோஷே ஓரம் போட்டுச் சரிக்கட்டுங்கள். குழந்தைத் தொப்பியில் பாதுகாப்புக் குறை இருந்தால் மட்டும் அவரிடமே காரணம் சொல்லித் திருப்பிக் கொடுங்கள்.

நூலுக்கான பணத்தை ஒருவர் வாங்கட்டும், இன்னொருவர் எழுதட்டும். யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்பதைக் கூட்டத்தில் படிக்க வேண்டாம். எவ்வளவு செலவானது என்பதை மட்டும் படியுங்கள். யார் எத்தனை சதுரம் பின்னினார்கள் என்று பட்டியல் ஒட்டுகிற குழுவை நான் தவிர்ப்பேன். அது மெதுவாகப் பின்னுகிறவர்களை வீட்டுக்கு அனுப்பும் வழி.

கொண்டுபோய்க் கொடுக்கும் நாள்

முன்தினம் எல்லாவற்றையும் வாசனை இல்லாத சோப்பில் அலசி நன்றாகக் காயவையுங்கள். அந்துருண்டை போட்ட பெட்டியில் இருந்ததை அப்படியே குழந்தைகளிடம் கொண்டுபோகாதீர்கள். ஒவ்வொரு மூட்டையிலும் நூல் வகை, அளவு, துவைக்கும் முறை மூன்றையும் தமிழில் எழுதிய சிறு துண்டுச்சீட்டு வையுங்கள். குழுவின் பெயரைப் போர்வை மேலேயே தைத்து விளம்பரப்படுத்துவதும், வாங்குகிறவரை நிற்கவைத்துப் படம் எடுப்பதும் வேண்டாம். நன்கொடையாளர்களுக்குக் காட்டப் படம் தேவையென்றால், முடிந்த போர்வைகளைக் கூடத்திலேயே விரித்து எடுத்துக்கொள்ளலாம். இருவர் போனால் போதும். முழுக் குழுவும் வேன் பிடித்துப் போனால் செவிலியர்களுக்கு அன்று வேலை கெடும்.

கையெழுத்துப் போட்ட ரசீது ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டு மாதம் கழித்து அதே செவிலியரை மறுபடி போய்ப் பாருங்கள்: எந்த அளவு சீக்கிரம் தீர்ந்தது, எது மூட்டை அவிழ்க்கப்படாமலே இருக்கிறது, எது துவைத்ததும் பிரிந்தது என்று கேட்டு எழுதிக்கொண்டு வந்து, அடுத்த கூட்டத்தில் நூல் வாங்கப் போவதற்கு முன் படியுங்கள்.